மாடிப்படிக்குக் கீழே இருந்த பேட்டரி

2025 மே மாதம், கத்திரி தொடங்கிய வாரம். அன்று சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. திருத்தங்கலில் அதை மழை என்று சொல்ல முடியாது, வெறும் காற்றுதான். பத்தரை மணிக்கு எங்கோ வேப்பங்கிளை ஒன்று கம்பியில் விழுந்து கரண்ட் போனது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஃபேன் சுற்றியது, நாங்களும் படுத்துவிட்டோம்.

பதினொன்றேகாலுக்கு அக்காவின் அறையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் கரண்ட் இல்லாமல் நின்றால் போடுகிற கூப்பாடு அது. இன்வெர்ட்டர் பேட்டரி 45 நிமிடத்தில் கைவிட்டுவிட்டது.

அக்காவுக்கு 76 வயது. விறகடுப்புப் புகையிலேயே காலத்தைக் கழித்த நுரையீரல் என்று டாக்டர் சொன்னார். சாத்தூரில் தனியாக இருந்தவரை இரண்டு வருஷம் முன்பு எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். ராத்திரி முழுவதும் அந்த மெஷின் ஓடியாக வேண்டும். அவசரத்துக்கென்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் வீட்டில் உண்டு. முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வால்வைத் திறந்தேன். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய்ப்பசை படக்கூடாது, பட்டால் நெருப்பு. அந்த அவசரத்திலும் அது ஞாபகம் வந்தது தொழில் புண்ணியம்.

கரண்ட் வந்தபோது மணி 4.20. அதுவரை நானும் என் மனைவியும் சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முள் சிவப்புக்கு வந்துவிட்டிருந்தது.

காலை பத்து மணிக்கு, விழுந்த கிளையை எடுத்துக் கம்பியைச் சரிசெய்ய மறுபடி லைனை நிறுத்தினார்கள். மாடியில் ஆறு சோலார் பேனல். மேலே கண்ணைக் கூசும் வெயில். கீழே ஒரு ஃபேன் சுற்றவில்லை. "மொட்டை மாடி முழுக்கக் கண்ணாடியப் பரப்பி வச்சி என்ன பிரயோஜனம்? ஒரு விசிறி மட்டை வாங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி. சோலார் போட்ட பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு சோலார் 2024-ல் பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் போட்டது. 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மானியம் 78,000 ரூபாய். நம் பக்கத்து வெயிலுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் வரும். பகலில் மிஞ்சுவது இ.பி. லைனுக்குப் போகும், ராத்திரி நாம் எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் மீட்டர் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் லைனில் கரண்ட் இல்லாவிட்டால் இந்த வகை இன்வெர்ட்டர் தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனை நம் வீட்டு மாடியிலிருந்து வருகிற கரண்ட் அடித்துவிடக் கூடாது அல்லவா? ஆகவே பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் பில்லைக் குறைக்கும், கரண்ட் கட்டுக்கு உதவாது.

அன்றைக்கே முடிவு செய்தேன், நல்ல பேட்டரி ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று. சாப்பிடும்போது சொன்னதும் அக்கா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எந்த பேட்டரி? இந்த ஸ்கூட்டர்ல வச்சி எரியிதே, டிவில காட்டுறான், அதா?"

"அது மாதிரிதான், ஆனா அது வேற, இது வேற அக்கா."

"எனக்காக வீட்டுக்குள்ள வெடி வாங்கி வைக்காத தம்பி. நான் ஒருத்தி மூச்சு விடுறதுக்கு நீங்க ரெண்டு பேரும் அது பக்கத்துல தூங்கணுமா?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேச முடியாது. அத்தான் 1988 ஆடி மாதம் ஒரு பட்டாசு ஆலையில் காயவைக்கும் மேடையில் போனவர். 42 வயது. அக்காவிடம் காட்டுவதற்கு முகம்கூட இல்லை. நானும் இதே தொழிலில்தான் இருந்தேன், வேறொரு ஆலையில். 1978-ல் சேர்ந்து ஃபோர்மேனாகி 2015-ல் ஓய்வு பெற்றேன். "பத்திரம்" என்ற சொல்லை அக்கா முன்னால் சொல்வதற்கு எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

எதை வாங்கினாலும் முதலில் பழையதைப் பார்ப்போம் என்று மறுநாள் மாடிப்படிக்குக் கீழே குனிந்தேன். 2012-ல் நம் மாவட்டங்களில் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல்கூட கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது வாங்கிய இன்வெர்ட்டர். பேட்டரி மட்டும் நடுவில் ஒருமுறை மாற்றியது. 150 ஏ.எச். தண்ணி ஊற்றுகிற டியூபுலர். மேல்மூடியில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்துப்போய், பக்கவாட்டில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. அதன் அருகில் பழைய பேப்பர் கட்டு. ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். சுவருக்கு அந்தப் பக்கம் பூஜை அறை, இரண்டுக்கும் நடுவே காற்றுக்காக விட்ட ஜாலி. தினமும் மாலை ஆறு மணிக்கு அங்கே விளக்கு ஏற்றுகிறோம்.

தண்ணி பேட்டரி சார்ஜ் ஏறி முடிகிற நேரத்தில் உள்ளே இருக்கிற தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியே வரும். அதனால்தான் அடிக்கடி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் எளிதில் பற்றும் வாயு, மேலே ஏறும், மூடிய இடமானால் தேங்கும். மாடிப்படிக்குக் கீழே என்பது தலைகீழாகக் கவிழ்த்த பெட்டி மாதிரி. தேங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் ஜாலி வழியாக அது விளக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது எங்கள் குலசாமியின் கவனம், என் கவனம் இல்லை.

பட்டாசு ஆலை வாசலில் நின்று, உள்ளே வருகிறவன் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்பியவன் நான். மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் ஐந்தாவது ஆள் கால் வைத்தால் கத்தியவன். உள்ளே போகுமுன் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்லி நச்சரித்தவன். என் வீட்டுப் படிக்குக் கீழே இதை வைத்துக்கொண்டு 13 வருஷம் மேலே ஏறி இறங்கியிருக்கிறேன். பழகிப்போனால் பயம் போய்விடுகிறது. ஆலையில் நடந்த விபத்துகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்று புதுசாய் வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் விசாரித்தேன். என் முன்னால் மூன்று வழி இருந்தது.

ஜெனரேட்டர் வேண்டாம் என்பது உடனே முடிவானது. நுரையீரல் கெட்ட ஆளை வைத்துக்கொண்டு புகை கக்குகிற இயந்திரமா? வீட்டில் பெட்ரோல் சேர்த்து வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது தண்ணி பேட்டரியே நான்கு. விலை 64,000 ரூபாய் சொன்னார்கள். பார்க்கக் குறைவுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் பெருக்கினால் 1,800 வாட் அவர், அதாவது 1.8 யூனிட். நான்குக்கும் 7.2. தண்ணி பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் நம் கைக்கு வருவது 3.6 யூனிட். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டம் கழித்தால் 3 யூனிட். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 கிலோ எடை. ஆசிட், தண்ணீர், ஹைட்ரஜன் எல்லாம் நான்கு மடங்கு.

மூன்றாவது லித்தியம். 51.2 வோல்ட், 100 ஏ.எச்., அதாவது 5.12 யூனிட் பிடிக்கும் ஒரே பெட்டி, 50 கிலோவுக்குள். இதில் 90 சதவீதம் எடுக்கலாம், 4.6 யூனிட். நஷ்டம் போக 4.1. அக்காவின் மெஷின் 350 வாட், ஃபேன் 60, விளக்கு 10, ஃபிரிட்ஜ் சராசரியாக 40. மொத்தம் 460 வாட். 4,100-ஐ 460-ஆல் வகுத்தால் 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரி பத்து மணிக்குப் போனால் விடிகிற வரை தாங்கும், விடிந்தால் சூரியன் வந்துவிடுவான். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பேட்டரி வாங்குகிறவர்கள் கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். எது ஓட வேண்டும், எத்தனை வாட், எத்தனை மணி நேரம். இல்லாவிட்டால் கடைக்காரர் நமக்காகக் கணக்குப் போடுவார்.

லித்தியத்திலும் இனங்கள் உண்டு. செல்போனிலும் லேப்டாப்பிலும் பெரும்பாலும் கோபால்ட், நிக்கல் கலந்த வகை. அளவில் சிறியது, வலுவில் பெரியது, சூடு மீறினால் தன் உள்ளேயிருந்தே ஆக்சிஜனை விட்டு எரியும். வீட்டுக்குச் சொல்லப்படுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், அக்ஷய பாதி என்ற நம் நாட்டுப் பெயர் கொண்ட ஆய்வாளர் முதல் ஆசிரியராக இருந்து 1997-ல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தொடக்கம். குட்இனஃப் 2019-ல் நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு 97 வயது. ஓய்வு பெற்றோர் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம். நமக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி பல காலமாக நடக்கிறது.

பாஸ்பேட் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று புரிந்தது. சிவகாசிக்காரனுக்குப் பாஸ்பரஸைத் தெரியாதா?

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதற்கு முன்னால் உலகத்தில் பல இடங்களில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். செய்கிறவர்களின் தாடை எலும்பையே அரித்துவிடும் விஷம். இந்தியாவில் 1913-ல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிறகு வந்ததுதான் நம் பாதுகாப்புத் தீக்குச்சி. குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். அதே பாஸ்பரஸ்தான். ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விதம் வேறு. அதனால் சாதுவாகிவிட்டது.

எல்.எஃப்.பி. பேட்டரியில் நடப்பதும் இதன் தம்பி மாதிரியான சங்கதி. அதில் உள்ள ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூடேறினாலும் எளிதில் விடாது. நெருப்புக்கு ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் அது பரவுவது கஷ்டம். பட்டாசில் வெடியுப்பு ஏன் போடுகிறோம்? கரிக்கும் கந்தகத்துக்கும் வேண்டிய ஆக்சிஜனை அது உள்ளேயிருந்தே கொடுக்கும் என்பதால்தானே? அந்த வேலையை இந்த பேட்டரி எளிதில் செய்யாது. அதற்காக இது பற்றவே பற்றாது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே பழுதானால், நசுங்கினால், சார்ஜ் மீறினால் இதிலிருந்தும் எரியும் வாயு வரும். மற்றதைவிட நிதானமானது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அக்காவின் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தேன். மெஷின் ஓடுகிற அறைக்குள் நெருப்புக் கூடாது; அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைக் கொடுக்கிறது. அக்கா குழாயை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். குச்சியைச் சிமென்ட் தரையில் உரசிக் காட்டினேன். பற்றவில்லை. சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னேன்.

அக்கா சிறுபிள்ளையில் தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கியவர். என்னைவிடக் குச்சியைத் தெரிந்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"குச்சி சாதுன்னு எனக்குத் தெரியும்டா. உங்க அத்தான் எடுத்துப் போட்டதும் சாதுவான சாமான்தான். அன்னைக்கு எடத்துலயும் நேரத்துலயும்தான் கோளாறு. உச்சிவெயில்ல மேடை நெறைய காயப்போட்டது யாரு? அத விடு. இத எங்க வைக்கப் போற, அதச் சொல்லு."

37 வருஷத்தில் அத்தானின் கடைசி நாளைப் பற்றி அக்கா என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எந்த பேட்டரி என்று ஒரு மாதமாக அலைந்தவன், எங்கே வைப்பது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பட்டாசு ஆலை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பெரிய கட்டடமாகக் கட்ட மாட்டார்கள். சின்னச் சின்ன அறைகள், அறைக்கு அறை இடைவெளி. ஒவ்வொன்றிலும் இவ்வளவு ஆள், இவ்வளவு மருந்து என்று சட்டப்படி அளவு. வெடிக்கவே வெடிக்காது என்ற நம்பிக்கையில் யாரும் அதைக் கட்டவில்லை. வெடித்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற கணக்கில் கட்டியது. அந்தக் கணக்கை மீறுகிற நாளில்தான் நாம் பேப்பரில் படிக்கிறோம். அதே கணக்கை வீட்டுக்கும் போட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே? கூடாது. வீட்டில் நெருப்பென்றால் ஓடி வருகிற வழி அது. அக்காவின் அறை? ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலா, பேச்சே இல்லை. சமையல்கட்டை ஒட்டி? கேஸ் சிலிண்டர். மொட்டை மாடி அறையில் வைத்தால் கேபிள் மிச்சம் என்று சோலார் கம்பெனிப் பையன் அடம்பிடித்தான். தகரக் கூரை போட்ட அறை. மே மாதம் மத்தியானம் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். 49 டிகிரி. "தம்பி, இது பேட்டரி ரூம் இல்ல, காயவைக்கிற மேடை" என்றேன். எந்த பேட்டரிக்கும் சூடு ஆயுளைத் தின்னும். லித்தியத்தை அவ்வளவு சூட்டில் சார்ஜ் செய்வதும் நல்லதில்லை.

கடைசியில் இடத்தைக் காட்டியது அக்காதான். பின்பக்கம் துவைகல்லுக்கு அருகில், ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த தாழ்வாரம். கான்கிரீட் கூரை, இரண்டு பக்கம் திறப்பு, காற்றோட்டம். வீட்டுச் சுவரில் அந்த இடத்தில் ஜன்னல் இல்லை. படுக்கையறைகளிலிருந்து தூரம். வடக்குப் பக்கம் என்பதால் வெயில் வராது என்று நினைத்தேன், அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி நடு வரை உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே சாய்ந்துதான் போகும். ஆகவே கூரையை ஒன்றரை அடி நீட்டி ஒரு நிழல் பலகை போட்டோம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சிமென்ட் மேடை, மழைத் தண்ணீர் தொடாமல்.

விலை மலிவு என்று ஒருவர், கழித்துப்போட்ட வண்டி பேட்டரிகளிலிருந்து நல்ல செல்களைப் பொறுக்கிக் கட்டிய பெட்டியைக் காட்டினார். பாதி விலை. லேபிள் இல்லை, சான்று இல்லை. நம் பக்கத்தில் வீடுகளில் வைத்துக் களவாகச் சரவெடி பின்னுகிறார்களே, அந்த நினைப்புதான் வந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். பி.ஐ.எஸ். முத்திரையும், எழுத்தில் வாரண்டியும், செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட்டும் உள்ளதைத்தான் வாங்கினேன். பழைய சோலார் இன்வெர்ட்டருக்குப் பதிலாக ஹைப்ரிட் இன்வெர்ட்டர். பேனல், பேட்டரி, இ.பி. மூன்றையும் அது ஒன்றே சேர்க்கும், கரண்ட் போனால் தெரு லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு உள்ளே மட்டும் ஓட்டும். மாற்றுமுன் இ.பி. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். நம் கரண்ட் கம்பத்துக்கு ஏறாது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பொருத்திய இரண்டு நாளும் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பையன்களுக்கு எரிச்சல்தான். கவனித்ததில் மூன்று விஷயம் எல்லாருக்கும் உதவும்.

ஒன்று, வயரிங். பேட்டரியில் ஓட வேண்டிய அக்கா அறை, ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கு ஆகியவற்றுக்குத் தனி லைன் இழுத்துத் தனி பெட்டி வைக்க வேண்டும். மோட்டார், கீசர், ஏசி எல்லாம் வெளியே. தனி லைனின் நியூட்ரலைப் பழைய நியூட்ரலோடு எங்காவது சேர்த்துவிட்டால் ஷாக் தடுக்கும் பிரேக்கர் காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒரு ஸ்விட்ச் பெட்டியில் சேர்ந்திருந்தது. பையன் அதைத் தேட அரை நாள் ஆனது.

இரண்டு, நட்டு. பேட்டரி டெர்மினலில் நட்டு லூசாக இருந்தால் அங்கேதான் சூடு பிறக்கும். சுண்டுவிரல் தடிமன் செம்பு கேபிள், அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர், நடுவே ஃபியூசும் டி.சி. பிரேக்கரும். பேட்டரி வோல்டேஜ் குறைவு, ஓடும் ஆம்பியர் அதிகம் என்பதால் அதன் கேபிள் நீளக் கூடாது. அதனால் இன்வெர்ட்டரையும் பின்பக்கத்துக்கே கொண்டுவந்தோம். மாடியிலிருந்து வரும் பேனல் கேபிள் நீண்டால் பரவாயில்லை.

மூன்று, எர்த். பேனலுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. நம் கரிசல் மண் கோடையில் வெடித்துக் கம்பியைவிட்டு விலகிவிடும். ஆலையில் வருஷாவருஷம் எர்த் அளந்து எழுதி வைப்போம். வீட்டில் அளந்தபோது பழைய குழி 20 ஓமுக்கு மேல் காட்டியது. புதிதாகப் போட்டு 5-க்குள் கொண்டுவந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது துவைகல் தண்ணீர் அந்தக் குழிக்குத்தான் போகிறது.

மொத்தச் செலவு 1,88,000 ரூபாய். சூர்யா கர் மானியம் பேட்டரிக்குக் கிடையாது. இதைப் போட்டால் லாபம் வருமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வராது. மிஞ்சும் கரண்டை இ.பி. லைனே வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடுக்கிறபோது, பணக் கணக்கில் அதுவே நமக்குப் பெரிய பேட்டரி. கரண்ட் கட்டானால் யாருக்கும் ஆபத்தில்லை என்கிற வீட்டில் இரண்டு லட்சத்தை இதில் போடாதீர்கள். எமர்ஜென்சி லைட்டும் பொறுமையும் போதும். எங்கள் வீட்டில் காரணம் இருந்தது.

ஒரு சின்னக் குறிப்பு. லித்தியத்தை எந்நேரமும் 100 சதவீதத்தில் நிறைத்து வைத்தால், அதுவும் நம் சூட்டில், சீக்கிரம் கிழடாகிவிடும். அதனால் கரண்ட் இருக்கிற ராத்திரிகளில் 70 வரை இறங்கவிட்டுக் காலை வெயிலில் ஏற்றுமாறு வைத்திருக்கிறேன். காற்று மழை என்று அறிவிப்பு வந்தால் மட்டும் 100.

இன்னொன்று. பேட்டரியிலிருந்து புகையோ சீறலோ வந்தால் பிரேக்கரை அணைக்கப் போகிறேன், தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று கிட்டே போகக் கூடாது. அக்காவைச் சிலிண்டரோடு முன்வாசலுக்குக் கொண்டுபோவது, தீயணைப்புக்குப் போன் செய்வது, தெருக்காரர்களை நெருங்கவிடாமல் நிறுத்துவது, இந்த மூன்றுதான் எங்கள் வேலை என்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் செத்தார்களே, அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. முதல் புகையைப் பார்த்துவிட்டு உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள்.

ஐப்பசி மழையில் முதல் சோதனை வந்தது. ராத்திரி ஒன்றரைக்குக் கரண்ட் போய் ஐந்தே முக்காலுக்கு வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. காலையில் போனில் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது. "மதினி, ராத்திரி நாலு மணி நேரம் கரண்டே இல்லையாம்" என்றாள் மனைவி. "அப்படியா? நான் நல்லாத் தூங்கிட்டேனே" என்றார் அக்கா.

படிக்குக் கீழே இருந்த பழைய பேட்டரியைக் கடையில் எடைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் இப்போது விளக்குமாறும் ஒரு நாற்காலியும் இருக்கிறது. மண்ணெண்ணெய் பாட்டிலையும் அப்புறப்படுத்தியாயிற்று.

தினமும் சாயங்காலம் விளக்கு வைக்குமுன் பின்பக்கம் போய்ப் பேட்டரிப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். ஆலையில் கடைசி ரவுண்டு போகிற பழக்கம். பெட்டி உள்ளேயே சூட்டை அளந்து போனில் காட்டுகிறது, தொட்டுப் பார்க்கத் தேவையில்லை என்கிறான் அந்தப் பையன். இருக்கட்டும். நான் மறந்துபோனாலும் அக்கா அறையிலிருந்து குரல் வந்துவிடும்.

"தம்பி, தொட்டுப் பாத்துட்டியா?"